ஃபுகுசாவா யுகிச்சி: நோட்டில் இருந்த முகமும் பாதியில் நின்ற வாக்கியமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யார் இந்த ஃபுகுசாவா யுகிச்சி?

1984 முதல் 2024 வரை ஜப்பானின் பத்தாயிரம் யென் நோட்டில் இருந்த முகம் இவருடையது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், நாளிதழ் நடத்தியவர், இன்றைய கேயோ பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர். கியூஷு தீவில் நகாத்சு என்ற சிற்றரசின் கீழ்நிலை சாமுராய்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தச் சிற்றரசுக்கு ஒசாகாவில் இருந்த கிடங்கு மாளிகையில் தந்தை வேலை பார்த்ததால் பிறந்தது ஒசாகாவில். ஒன்றரை வயதில் தந்தை இறந்துவிட, ஐந்து பிள்ளைகளோடு தாய் நகாத்சு திரும்பினார்.

டச்சு மொழி படிக்க 1854-இல் நாகசாகிக்கும் 1855-இல் ஒசாகாவுக்கும் போனார். ஒசாகாவில் ஒகாதா கோவான் என்ற மருத்துவர் நடத்திய தெகிஜுகு பள்ளியில் 1857-இல் தலைமை மாணவரானார். 1858-இல் எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, டச்சு கற்பிக்க அழைக்கப்பட்டார். மறு ஆண்டு, புதிதாகத் திறந்த யோகோஹாமா துறைமுகத்தைப் பார்க்கப் போனவரால் கடைப் பலகை ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. அங்கே புழங்கியது ஆங்கிலம். ஆண்டுக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் படித்த டச்சு அங்கே செல்லவில்லை. சோர்ந்து உட்காராமல் உடனே ஆங்கிலத்தைத் தொடங்கினார். 1860-இல் கன்ரின் மாரு கப்பலில் சான்ஃபிரான்சிஸ்கோ போனார். 1862-இல் தூதுக்குழுவின் மொழிபெயர்ப்பாளராக ஹாங்காங், சிங்கப்பூர், இலங்கை, ஏடன், சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்கும், 1867-இல் மறுபடி அமெரிக்காவுக்கும் போய்வந்தார். 1868-இல் அமைந்த மெய்ஜி அரசு அழைத்தும் பதவி ஏற்கவில்லை. சாகும்வரை அரசுக்கு வெளியே நின்றே எழுதினார்.

இவரைத் தெரிந்த பெரும்பாலோருக்கு அந்த முகமும் ஒரு பாதி வாக்கியமும்தான் தெரியும். மற்ற பாதியைத்தான் இங்கே அதிகம் பேசப் போகிறோம்.

பெயரை எப்படி எழுதுவது, எப்படித் தேடுவது?

ஜப்பானிய முறைப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். ஃபுகுசாவா குடும்பப் பெயர், யுகிச்சி இவருடைய பெயர். மேலைநாட்டு நூலகங்களில் முறை மாறியிருக்கும். ஜப்பானியப் பட்டியல்களில் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடும்பப் பெயரின் இரண்டாம் எழுத்துக்குப் பழைய வடிவமும் எளிமையாக்கிய புதிய வடிவமும் உண்டு. கேயோவும் ஆய்வுநூல்களும் பழையதை எழுதும், செய்தித்தாள்கள் பெரும்பாலும் புதியதை. ஒன்றை மட்டும் போட்டுத் தேடினால் பாதி நூல்கள் கண்ணில் படாமல் போகலாம்.

பிறந்தது 1834-ஆ, 1835-ஆ?

இரண்டும் அச்சில் கிடைக்கும், சரியானது 1835. தென்போ என்ற பழைய ஆண்டுத் தொடரின் 5-ஆம் ஆண்டு, 12-ஆம் மாதம், 12-ஆம் நாள் பிறந்தார். தென்போ 5 பெருமளவு 1834-இல் விழுவதால் அவசரத்தில் 1834 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சந்திர நாட்காட்டியின் கடைசி மாதம் மேலை நாட்காட்டியில் அடுத்த ஆண்டுக்குள் போய்விடும். கணக்கிட்டால் 1835 ஜனவரி 10 வரும்.

ஜப்பான் சூரிய நாட்காட்டிக்கு மாறியது 1873 ஜனவரி 1-இல். அதற்கு முந்தைய எந்தத் தேதியைப் பார்த்தாலும் அது பழைய கணக்கா, மாற்றிய கணக்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வயதும் இப்படியே. பிறந்தவுடன் ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று கூடும் பழைய எண்ணிக்கையில் இவர் 68 வயதில் இறந்தார். இன்றைய கணக்கில் 66. இறந்த நாள் 1901 பிப்ரவரி 3.

அந்த நாட்காட்டி மாற்றத்தில் மக்கள் குழம்பி நின்றபோது, அதை விளக்கி உடனே ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டவரும் இவர்தான்.

இவரை மெய்யியலாளர் என்று சொல்லலாமா?

முழுக் கட்டுக்கோப்பான தத்துவம் கட்டியவரைத்தான் அப்படிச் சொல்வேன் என்றால் இவர் பொருந்தமாட்டார். ஆனால் ஒரு சமூகம் எதைக் கொண்டு முன்னேறுகிறது, ஆட்சியாளன் மீது மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டுக் குடிமக்கள் இருந்துவிட முடியுமா, அறிவு பெரிதா அறநெறி பெரிதா என்ற கேள்விகளை 1875-இல் வந்த ‘நாகரிகக் கோட்பாட்டின் சுருக்கம்’ நூலில் அடிவரை இறங்கிக் கேட்டிருக்கிறார். ஜப்பானிய அரசியல் சிந்தனையில் அந்த நூலைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. எங்களுக்கு அதுவே போதும்.

“வானம் மனிதனுக்கு மேல் மனிதனைப் படைக்கவில்லை, மனிதனுக்குக் கீழும் மனிதனைப் படைக்கவில்லை” என்று சொன்னவர் இவர்தானே?

எழுதியவர் இவர்தான். ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. ‘கல்விக்கு ஓர் அழைப்பு’ என்ற நூலின் முதல் வரி அது. மூலத்தில் அதன் கடைசிச் சொல்லுக்கு ‘என்று சொல்வார்கள்’ என்று பொருள். பிறர் சொல்வதாக எடுத்துவைத்துவிட்டு, சற்றுத் தள்ளி அவர் கேட்பது இது: அப்படியானால் அறிவுள்ளவன், அறிவற்றவன், ஏழை, பணக்காரன், மேலோன், கீழோன் என்று கண்ணெதிரே மேகத்துக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறதே, அது எங்கிருந்து வந்தது? படித்ததாலும் படிக்காததாலும் வந்தது என்பது அவர் விடை.

முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் ‘எல்லோரும் சமம்’ என்ற அழகான பொன்மொழி கிடைக்கும். முழுதாக வாசித்தால் அது ஒரு வாதம். பிறப்பால் வந்த வேறுபாட்டைத் தூக்கி எறிகிறார். அந்த இடத்தில் கல்வியால் வரும் வேறுபாட்டை வைக்கிறார். ‘படிக்காதவன் ஏழையாக இருப்பது அவன் குற்றம் என்றாகிவிடாதா?’ என்று கேட்பவர்களின் மறுப்பும் நியாயமானது. அந்த மறுப்பை எழுப்பவாவது இரண்டாம் பாதியைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பாதியின் ஊற்று அமெரிக்க விடுதலைப் பிரகடனம் என்பது பரவலான கருத்து. அந்தப் பிரகடனத்தை அவரே ‘மேலைநாட்டு நிலவரம்’ நூலில் முன்பே மொழிபெயர்த்திருந்தார்.

அந்த வாக்கியத்தில் இவ்வளவு சூடு ஏன்?

நகாத்சுவில் வளர்ந்ததால். 1877-இல் தம் பழைய சிற்றரசைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஏறத்தாழ 1500 சாமுராய்கள், அவர்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட படிநிலைகள். பெரிய பிளவு மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் நடுவில். இரு பக்கத்துக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பேச்சு வழக்கே வேறு. மேல்நிலையாரை வழியில் கண்டால், மழையானாலும் கீழ்நிலைக் காலாள் மிதியடியைக் கழற்றி ஓரத்தில் விழுந்து வணங்க வேண்டும். 250 ஆண்டுகளில் கீழிருந்து மேலே ஏறியவர்கள் மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் என்று எண்ணிச் சொல்கிறார். ‘குலப்படிநிலை என் தந்தையைக் கொன்ற பகை’ என்ற பொருளில் தன்வரலாற்றில் அவர் எழுதிய வரி இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது. சாதியைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நூல் 34 லட்சம் படிகள் விற்றது உண்மையா?

அந்த எண் அவரே போட்ட கணக்கு. ஆனால் எதை எண்ணினார் என்று பார்க்காமல் எடுத்தாள்கிறார்கள். ‘கல்விக்கு ஓர் அழைப்பு’ ஒரே புத்தகமாக வரவில்லை. 1872 முதல் 1876 வரை 17 சிறு பகுதிகளாக வந்தது. முதல் பகுதி நகாத்சுவில் தொடங்கிய புதிய பள்ளிக்காக தம் மாணவர் ஒபாதா தோகுஜிரோவோடு சேர்ந்து எழுதிய சிறு நூல். தொடரும் எண்ணமே அப்போது இல்லை. இரண்டாம் பகுதி ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்துத்தான் வந்தது.

1880-இல் 17 பகுதிகளையும் ஒன்றாகக் கட்டியபோது முன்னுரையில் தந்த கணக்கு: மொத்தம் சுமார் 7 லட்சம் படிகள், அதில் முதல் பகுதி மட்டும் 2 லட்சத்துக்குக் குறையாது. திருட்டுப் பதிப்பையும் சேர்த்தால் 2.2 லட்சம். நாட்டின் மக்கள்தொகை 3.5 கோடி, ஆக 160 பேருக்கு ஒருவர் வாசித்திருக்கிறார். பின்னாளில், ஒவ்வொரு பகுதியும் 2 லட்சம் என்று வைத்து 17-ஆல் பெருக்கியதில் வந்ததுதான் 34 லட்சம். அது சிறு பகுதிகளின் எண்ணிக்கை. 34 லட்சம் பேர் வாங்கினார்கள் என்று எழுதினால் தவறு. 160 பேருக்கு ஒருவர் என்பதே எந்தக் காலத்துக்கும் மலைக்கவைக்கும் எண், மேலே ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

எப்படி இவ்வளவு பேரிடம் போய்ச் சேர்ந்தது?

முதல் காரணம் நடை. அக்கால அறிஞர்கள் சீன எழுத்துகளை அடுக்கிக் கட்டிய இறுக்கமான உரைநடையில் எழுதினார்கள். படிக்காத நாட்டுப்புறப் பணிப்பெண், காகிதத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாலும் இது என்ன நூல் என்று புரிய வேண்டும், அதுவே தம் அளவுகோல் என்று ஃபுகுசாவா எழுதுகிறார். கடினமான சீனச் சொல் வந்தால் பேச்சுச் சொல்லை வைத்தார். இரண்டும் அருகருகே நிற்பதைப் பற்றி அறிஞர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படவில்லை.

1873-இல் குழந்தைகளுக்கு எழுதிய ‘எழுத்துப் பாடம்’ நூலில் சீன எழுத்துகளைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், 2000 அல்லது 3000 போதும் என்றார். ஜப்பானிய அரசின் இன்றைய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருப்பவை 2136.

இரண்டாவது காரணம் தொழில். அன்று நூலாசிரியர் கையெழுத்துப் படியைக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார். மரப்பலகை செதுக்குபவர், அச்சடிப்பவர், தைப்பவர் எல்லாம் புத்தகக் கடைக்காரர் கையில். செலவுக் கணக்கு எழுதியவருக்குத் தெரியாது. ஃபுகுசாவா ஆயிரம் ரியோவுக்கு (ரியோ அக்காலப் பொற்காசு) காகிதத்தை மொத்தமாக வாங்கித் தம் களஞ்சியத்தில் அடுக்கினார். இவ்வளவு சரக்கு வைத்திருப்பவரிடம் வேலை தொடர்ந்து கிடைக்கும் என்று தொழிலாளர்கள் நேரே வந்தார்கள். 1869-இல் ‘ஃபுகுசாவாயா யுகிச்சி’ என்ற கடைப்பெயரில் புத்தக வணிகர் சங்கத்தில் சேர்ந்தார். ஒரு சாமுராய் கடைக்காரர் பெயர் வைத்துக்கொள்வது அன்று சிறிய செயல் அல்ல.

திருட்டுப் பதிப்பு அவரை விடவில்லை. ‘மேலைநாட்டு நிலவரம்’ 1866-இல் வரத் தொடங்கியதும் போலிப் பதிப்புகள் கிளம்பின. அரசுக்கு மனு மேல் மனு போட்டார். பதிப்புரிமைக்கு ஜப்பானியர் வழங்கிய ‘ஹான்கேன்’ என்ற சொல் அந்தப் போராட்டத்தில் அவர் ஆக்கியது.

வேறு என்ன சொற்கள், வழக்கங்கள் இவரால் நிலைத்தன?

மேடைப்பேச்சு. ஒருவர் எழுந்து நின்று பலர் முன் தம் கருத்தைச் சொல்லும் வழக்கம் அன்று ஜப்பானில் வேரூன்றவில்லை. ஜப்பானிய மொழி அதற்கு ஏற்றதில்லை என்றே அறிஞர்கள் சொன்னார்கள். அதற்கு ‘என்சேத்சு’ என்ற சொல்லை வழங்கவைத்து, 1874 ஜூன் 27-இல் மிதா சொற்பொழிவுக் கழகத்தைத் தொடங்கினார். 1875 மே 1-இல் அதற்கென ஒரு கூடம் திறந்தார். இன்று ஜப்பானில் தேர்தல் மேடை ஏறும் எவரும் செய்வது ‘என்சேத்சு’தான்.

போட்டி என்பதற்கான ‘கியோசோ’ என்ற சொல்லும் இவர் கைப்பட்டது. ஆங்கிலப் பொருளியல் நூல் ஒன்றின் பொருளடக்கத்தை மொழிபெயர்த்து 1868-க்கு முன் ஆண்ட ஷோகுன் அரசின் நிதி அதிகாரியிடம் காட்டினார். அந்தச் சொல்லில் ‘சண்டை’ என்ற எழுத்து இருக்கிறது, அமைதியாக இல்லை, மேலிடத்தில் காட்ட முடியாது என்றார் அதிகாரி. ஃபுகுசாவா மென்மையான வேறு சொல் தரவில்லை. அந்த இடத்தில் மையைப் பூசி அடித்துவிட்டுக் கொடுத்தார். சொல் அந்த அதிகாரியைத் தாண்டி வாழ்கிறது.

கணக்குப் பதிவு. அமெரிக்கப் பள்ளிப் பாடநூல் ஒன்றைத் தழுவி 1873-இல் ஒற்றைப் பதிவு முறையையும் 1874-இல் இரட்டைப் பதிவு முறையையும் ஜப்பானிய மொழியில் தந்தார். கடைக்காரர் மிரளக் கூடாது என்று எண்களை மேலிருந்து கீழாக, சீன எண்ணெழுத்திலேயே வைத்தார்.

கல்விக் கட்டணம். அதுவரை மாணவர் ஆசிரியருக்குக் காணிக்கை வைப்பார். தொகையும் நாளும் அவரவர் விருப்பம், மரியாதைக் காகிதத்தில் சுற்றி நீட்ட வேண்டும். கேயோவில் மாதத்துக்கு 2 பூ (அரை ரியோ) என்று நிர்ணயித்தார். காகிதச் சுற்று வேண்டாம், அதிகம் தந்தால் சில்லறை திருப்பித் தரப்படும். கற்பிப்பதும் உழைப்பு, உழைப்புக்குக் கூலி வாங்குவதில் வெட்கம் என்ன என்பது அவர் வாதம். இன்று ஜப்பானியப் பள்ளிகள் இந்தக் கட்டணத்துக்கு வழங்கும் சொல்லும் அங்கே பிறந்ததுதான்.

கேயோவில் ‘சென்சேய்’ என்றால் இவர் ஒருவர்தானாமே?

ஆம், எழுத்து வழக்கில். ஜப்பானில் ஆசிரியர் எவரும் ‘சென்சேய்’. கேயோவின் அலுவல் அறிவிப்புகளில் மட்டும் மூத்த பேராசிரியரும் ‘குன்’ என்றே குறிக்கப்படுவார். அது தோழரையோ இளையவரையோ அழைக்கும் பின்னொட்டு. வகுப்பு ரத்து என்ற அறிவிப்பில் பேராசிரியர் பெயருக்குப் பின் ‘குன்’ இருப்பதைப் பார்த்துப் புது மாணவர்கள் திகைப்பார்கள். பேச்சில் அவர்களும் தம் ஆசிரியரைச் ‘சென்சேய்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

பள்ளிக்குக் கேயோ என்ற பெயர் 1868-இல் வந்தது, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஆண்டுத் தொடரின் பெயர் அது. அவ்வாண்டு ஜூலை 4, பழைய கணக்கில் ஐந்தாம் மாதம் 15, எடோவின் உவேனோவில் புதிய அரசின் படைக்கும் ஷோகுன் ஆதரவாளர்களுக்கும் போர் மூண்டது. ஊரே ஓடியது. இரண்டு ரீ தொலைவு, அதாவது சுமார் 8 கிலோமீட்டர், குண்டு இங்கே வராது என்று சொல்லி, அமெரிக்கரான வேலாண்டின் பொருளியல் நூலை வைத்து அன்றும் வகுப்பு நடத்தினார். மே 15 இன்றும் கேயோவில் நினைவுநாள்.

பத்தாயிரம் யென் நோட்டில் எப்போது வந்தார், ஏன் போனார்?

1984 நவம்பர் 1-இல் வந்தார். அதற்கு முன் இருந்தவர் இளவரசர் ஷோதோகு. 2004 நவம்பர் 1-இல் நோட்டுகள் மாறியபோது ஆயிரத்திலும் ஐயாயிரத்திலும் முகங்கள் மாறின, பத்தாயிரத்தில் இவரே தொடர்ந்தார். ‘ஒரு யுகிச்சி’ என்றால் பத்தாயிரம் யென் என்று பேச்சு வழக்கே ஆகிவிட்டது. 2024 ஜூலை 3-இல் தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சி அந்த இடத்துக்கு வந்தார். இதை இறக்கிவிட்டதாகப் பார்க்க வேண்டாம். கள்ளநோட்டைத் தடுக்க ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒருமுறை வடிவம் மாறும், முகமும் பெரும்பாலும் கூடவே மாறும்.

புதிய ஆயிரம் யென்னில் இருக்கும் கிருமியியல் அறிஞர் கிதாசாதோ ஷிபாசாபுரோ, 1892-இல் ஜெர்மனியிலிருந்து திரும்பி ஆய்வுக்கூடம் கிடைக்காமல் நின்றபோது இடம் கொடுத்துக் கைதூக்கியவர் ஃபுகுசாவா. கிதாசாதோ அதை மறக்கவில்லை. 1917-இல் கேயோவின் மருத்துவப் பிரிவு தொடங்கியபோது முதல் தலைவராகப் பொறுப்பேற்றார்.

என்னிடம் பழைய யுகிச்சி நோட்டு இருக்கிறது. எந்த வரிசை? செல்லுமா?

இரண்டு வரிசையும் 160 × 76 மில்லிமீட்டர், எனவே அளவை வைத்துப் பிரிக்க முடியாது. பின்பக்கம் திருப்புங்கள். இரண்டு காட்டுக்கோழிகள் என்றால் 1984 வரிசை. பியோதோயின் கோவிலின் ஃபீனிக்ஸ் பறவை என்றால் 2004 வரிசை. முன்பக்கம் இடது கீழ் மூலையில் சாய்த்தால் நிறம் மாறும் ஹோலோகிராம் இருந்தாலும் 2004 வரிசைதான்.

இரண்டும் சட்டப்படி செல்லும். சிக்கல் இயந்திரங்களில்தான். சீட்டு விற்கும் இயந்திரங்கள் பலவும் 1984 வரிசையை ஏற்காமல் துப்பிவிடும், கடைப் பணியாளரும் அடையாளம் தெரியாமல் தயங்கலாம். ஜப்பானில் ஒரு வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்வது எளிது. ‘பழைய நோட்டு செல்லாது, எங்களிடம் கொடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. 2024 மாற்றத்தின்போது ஜப்பானிய அரசே இதை எச்சரித்தது.

ஆசியாவை இழிவாகப் பேசியவர் என்கிறார்களே?

1885 மார்ச் 16-இல் அவர் நடத்திய ‘ஜிஜி ஷிம்போ’ நாளிதழில் ‘ஆசியாவை விட்டு விலகல்’ என்ற தலையங்கம் வந்தது. சீனாவும் கொரியாவும் மாற மறுக்கின்றன, கெட்ட நண்பர்களின் பெயர் நமக்கும் ஒட்டும், மனத்தளவில் அவர்களை விட்டு விலகுவோம் என்பது சாரம். மூன்று மாதம் முன்பு, 1884 டிசம்பரில், கொரியச் சீர்திருத்தக்காரர்களின் கிளர்ச்சி முறிந்திருந்தது. ஃபுகுசாவா ஆதரித்த கிம் ஓக்-கியூன் அதன் தலைவர்களில் ஒருவர். அந்த ஏமாற்றமும் கசப்பும் வரிக்கு வரி தெரிகின்றன.

கட்டுரையில் கையெழுத்து இல்லை. தொகுப்பு நூலில் முதலில் இடம்பெற்றது 1933-இல்தான், பரவலாகப் பேசப்பட்டது 1950-களுக்குப் பின். இதை வைத்து, அது அவர் எழுதியதே இல்லை, அவருடைய கருத்தும் அல்ல என்று காப்பாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. கையெழுத்தில்லாத தலையங்கங்களில் எவை அவருடையவை என்ற ஆய்வு நியாயமான ஆய்வுதான். ஆனால் அதனால் அவர் தப்ப முடியாது. 1894-இல் சீனாவோடு போர் மூண்டபோது அவருடைய நாளிதழ் அதை நாகரிகத்துக்கும் காட்டுமிராண்டித்தனத்துக்கும் நடக்கும் போர் என்றது. போர் நிதிக்குத் தம் பணம் பத்தாயிரம் யென் கொடுத்தார். தன்வரலாற்றின் முடிவில் அந்த வெற்றியைக் கண்டு மகிழ்ந்ததைத் தம் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார். மனிதனுக்குக் கீழ் மனிதன் இல்லை என்று தொடங்கியவர் அண்டை நாட்டு மக்களைப் பற்றி அந்த நிதானத்தைக் காக்கவில்லை. கொரியாவிலும் சீனாவிலும் அவர் பெயர் வேறு விதமாக ஒலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜப்பானுக்குள்ளேயே இதைக் கடுமையாக எழுதிய அறிஞர்கள் பலர்.

வாழ்ந்த காலத்தில் எதிர்ப்பு இருந்ததா?

கொலை மிரட்டல் வரை. ‘கல்விக்கு ஓர் அழைப்பு’ ஏழாம் பகுதியில், எசமானின் ஒரு ரியோவைத் தொலைத்துவிட்டுத் தூக்கு மாட்டிக்கொண்ட கோன்சுகே என்ற வேலையாளைக் காட்டி, தலைவனுக்காக வீணே உயிர்விடும் வீரன் சாவுக்கும் இந்தச் சாவுக்கும் உலகுக்கு விளைந்த பயனில் என்ன வேறுபாடு என்று கேட்டார். விசுவாசத்தின் உருவாகக் கொண்டாடப்பட்ட குசுனோகி மாசாஷிகேயின் பெயரை அங்கே அவர் சொல்லவே இல்லை. வாசகர்களே பொருத்திப் பார்த்துக் கொதித்தார்கள். கடைசியில் கோகுரோ செம்பான் என்ற புனைபெயரில், ‘வீண் சிரமம்’ என்று காதில் விழும் பெயர் அது, தமக்குத் தாமே வக்காலத்து வாங்கி 1874-இல் செய்தித்தாளில் எழுதினார். பல ஆண்டுகள் இரவில் வெளியே போவதைத் தவிர்த்ததாகத் தன்வரலாறு சொல்கிறது.

பெண்கள் பற்றி?

பெண்ணை அடக்கிவைத்த பழைய நீதிநூலைக் கடுமையாகத் தாக்கினார், பலதாரத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். இறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பும், 1899-இல், அதைப் பற்றியே ஒரு நூல். ஆனால் ஒன்பது பிள்ளைகளில் மூத்த மகன்கள் இருவரை 1883-இல் அமெரிக்கா அனுப்பியவர் ஐந்து மகள்களில் ஒருவரையும் அனுப்பவில்லை.

அவர் தொடர்பான இடங்களைப் பார்க்க எங்கே போகலாம்?

டோக்கியோவுக்கு அரை நாள் போதும். தமாச்சி நிலையத்திலிருந்து கேயோவின் மிதா வளாகம் பத்து நிமிடத்துக்குள் நடை. 1875-இல் எழுந்த சொற்பொழிவுக் கூடம் அங்கே ஒரு மேட்டில் நிற்கிறது. கறுப்பு ஓடுகளுக்கு நடுவே வெள்ளைச் சுண்ணாம்பு வரி புடைத்து நிற்கும் பழைய ஜப்பானியச் சுவர், மேலைநாட்டு மாதிரிக் கட்டடம். உள்ளே பொதுவாக விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம். பழைய செங்கல் நூலகத்தில் 2021-இல் திறந்த நினைவு அருங்காட்சியகத்துக்குப் போகுமுன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அரை மணி நடந்தால் அசாபுவில் சென்புகுஜி கோவில், முதல் அமெரிக்கத் தூதரகம் 1859 முதல் இயங்கிய இடம். கல்லறை இப்போது அங்கே இருக்கிறது. முதலில் புதைத்தது வேறிடத்தில், 1977-இல்தான் இங்கே மாற்றினார்கள். தோண்டியபோது உடல் சிதையாமல் இருந்தது, பிறகு எரியூட்டினார்கள். நினைவுநாளான பிப்ரவரி 3-இல் கேயோ மாணவர்கள் திரளாக வருவார்கள். அமைதியாகப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் போங்கள்.

ஒசாகாவில் தெகிஜுகு கட்டடம் அப்படியே இருக்கிறது. ஒசாகா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது, பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். நகாத்சுவுக்குக் கொகுராவிலிருந்து விரைவு ரயில். அவர் வளர்ந்த ஓலைக்கூரை வீடும், மேல்மாடத்தில் அமர்ந்து படித்த மண்சுவர்க் களஞ்சியமும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். களஞ்சியத்தின் அளவைப் பார்த்த பிறகு தன்வரலாற்றை வாசித்தால் அது வேறு நூல்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

தன்வரலாற்றிலிருந்து. அவர் வாயால் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தாளர் எடுத்து, அவர் திருத்தி, 1898-99-இல் நாளிதழில் தொடராக வந்தது. பேரன் கியோகா எய்ச்சி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1934 முதல் கிடைக்கிறது. சிறுவயதில் கோவிலில் இருந்த சாமிக் கல்லை எடுத்துவிட்டு வேறு கல்லை வைத்து, ஊரார் அதற்குப் படையல் வைப்பதைப் பார்த்துச் சிரித்த இடத்திலேயே மனிதர் பிடிபட்டுவிடுவார். முதுமையில் நினைவிலிருந்து சொன்னது என்பதால் தேதிகளை மட்டும் வேறு நூலோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து ‘கல்விக்கு ஓர் அழைப்பு’. 17 பகுதிகளையும் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள், சலித்துவிடும். தனித்தனியாக வந்தவை, தனித்தனியாகவே வாசிக்கலாம்: 1, 3, 6, 7, 8, பிறகு சொற்பொழிவு பற்றிய 12. ‘நாகரிகக் கோட்பாட்டின் சுருக்கம்’ அதற்குப் பிறகு, நேரம் ஒதுக்கி. 1885 தலையங்கத்தைத் தனியாக எடுத்து வாசிக்காமல், கொரியாவின் 1884 கிளர்ச்சியைப் பற்றித் தெரிந்துகொண்டு வாசியுங்கள். முழுத் தொகுப்பு 21 தொகுதி, அது ஆய்வாளருக்கு.

எந்த மொழியில் வாங்கினாலும், வாங்குமுன் முதல் பகுதியின் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். ‘என்று சொல்வார்கள்’ அங்கே விடுபட்டிருந்தால் வேறு மொழிபெயர்ப்பைத் தேடுங்கள்.